சப்பில் நின்ற மெனேஜர்

அம்பாறை நகரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அரசாங்கத்தின் சிறு கடன் கிளைகளை நடத்துகிற மெனேஜர்மார் எல்லோரும் வந்திருந்தோம். கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் திரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் போட்டுக் காட்டினார். அரசியல் ஒரு வட்டம், பொருளாதாரம் ஒரு வட்டம், போட்டி, தொழில்நுட்பம், இயற்கை என்று ஆளுக்கொரு நிறம். நடுவில் நாங்கள். "உங்கள் வணிகச் சூழலில் உங்களை அதிகம் பாதிக்கிற ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார்.

காட்டோரத்தில் கிளை நடத்துகிறவர் யானை என்றார். எழுதிக்கொண்டார்கள். இன்னொருவர் தனியார் கம்பனிகள் என்றார். பென்சனுக்குக் கிட்டத்தில் நிற்கிற ஒருவர் அரசியல்வாதிகளின் வாய் என்றார், மண்டபமே கைதட்டியது. என் முறை வந்தது. நான் மையித்து வீடு என்றேன். அங்கே பாதிப் பேர் சிங்களம் பேசுகிறவர்கள் என்பதால் "மள கெதர" என்றும் சேர்த்துச் சொன்னேன். மண்டபம் குபீரென்று சிரித்தது. என் கிளை சாவு வீடு மாதிரிக் கிடக்கிறது என்று நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். தேநீர் நேரத்தில் விரிவுரையாளர் என் தோளைத் தட்டி, எல்லாக் கிளையும் ஒரு காலத்தில் விழுந்துதான் எழும்பும், மனதைத் தளரவிட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். இனி யாருக்கு விளக்கம் சொல்வது! வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கல்முனைப் பக்கத்துப் பிரதான வீதியில் மருந்து விற்கிற ஒரு பாமசியின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கந்தோர். என் மேசைக்குப் பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்தால் தனியார் கடன் கம்பனிகளின் பெயர்ப்பலகைகள்தான் தெரியும். அவர்கள் காலையில் கேட்டால் மாலையில் காசு கொடுப்பார்கள். நாங்கள் கிராம சேவகரின் கடிதம் கேட்போம், பிணையாளி கேட்போம், அதற்கும் இதற்கும் என்று ஒரு மாதத்தை இழுத்துவிடுவோம். அப்படியிருந்தும் சனம் எங்கள் படி ஏறி வருகிறது. எங்களிடம் மேல்காசு குறைவு. அதைவிட, அரசாங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டுப் படலையில் நின்று சத்தம் போடாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எங்களிடம் எடுக்கிறார்கள். அதனால்தான் எல்லோருக்கும் கட்டி முடித்துவிட்டு, மிஞ்சினால் எங்களுக்குக் கட்டுகிறார்கள்.

மேல்காசு என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வட்டி என்ற சொல்லை எங்கள் ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கந்தோருக்குள்ளும் அப்படித்தான். "சேர், அந்த மேல உள்ளது எவ்வளவு வரும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நானும் தாழ்த்தித்தான் சொல்வேன். என் சம்பளத்தைப் பற்றியும் ஊருக்கு ஒரு சந்தேகம் உண்டு. பள்ளிவாசலுக்குக் கம்பளம் விரிக்க, குர்ஆன் மதரசாவுக்குக் கூரை போட என்று வருகிறவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போவார்கள். மலசலகூடம் கட்டும் வேலை என்றால் மட்டும் முதல் ஆளாக என்னிடம்தான் வருவார்கள். வட்டிக் காசை அதற்குக் கொடுக்கலாம் என்று யாரோ ஒரு மௌலவி எப்போதோ சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் கக்கூசுகளில் என் பங்கு நிறைய இருக்கிறது, அல்லாஹ் கபூல் செய்யட்டும்.

தேர்தல் காலம் வந்துவிட்டால் வேறொரு கூத்து. யாரோ ஒருவர் மேடையில் ஏறி, ஏழைகளின் கடனையெல்லாம் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போவார். மருதமுனையில் தறி வைத்திருக்கிற பெண்கள், கட்ட வேண்டிய காசைக் கையில் வைத்துக்கொண்டே, "வெட்டப் போறாங்களாமே சேர்? கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நூல் விலை ஏறியிருக்கிறது, பொறுத்துப் பார்த்தால் மிச்சம்தானே. அட்டாளைச்சேனை வயல்காரருக்கு நெல் விலை, கடற்காரருக்குக் காற்று. எல்லாமே என் மேசையில் வந்துதான் முடியும். ஆனால் இதெல்லாம் அந்த விரிவுரையாளரின் வட்டங்களுக்குள் ஏதோ ஒரு மாதிரி அடங்கிவிடும். அடங்காத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

சாய்ந்தமருதில் ஒரு மீன்பிடிகாரர் இருந்தார். ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருந்தார். இஞ்சினுக்கு எங்களிடம்தான் கடன் எடுத்தார். மாதாமாதம் தானே படியேறி வந்து கட்டுவார். துறைமுக வாயில் மணல் அடைத்துப் படகு வெளியே போக முடியாத மாதங்களிலும் வருவார், இந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காக! கட்ட முடியாதபோது வந்து முகம் காட்டுகிற மனிதரை என் உத்தியோக காலத்தில் வேறு நான் கண்டதில்லை. வந்தால் சும்மாவும் போகமாட்டார்.

"மெனேஜர், நான் கட்டுற காசுல மீன் மணக்குது எண்டு கொழும்புல ஆரும் குறை செல்றாங்களா?"

"நல்லா மணக்குதாம். மீனையும் அனுப்பச் செல்றாங்க" என்பேன்.

ஒரு நாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் பிறகு எழும்பவில்லை. காலையிலேயே பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்துவிட்டார்கள். பின்னேரம் அசருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை என்றார்கள். கந்தோரை நேரத்தோடு மூடிவிட்டுப் போனேன். கடன்காரர் என்பதற்காகப் போகவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஊர்களில் மையித்துக்குத் தொழுவிப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. சனமெல்லாம் சப்பு சப்பாக, அதாவது வரிசை வரிசையாக நின்றதும், இறந்தவரின் பிள்ளையோ சகோதரனோ முன்னால் வந்து ஊரைப் பார்த்துக் கேட்பார். இவரிடம் யாருக்காவது வர வேண்டியது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பேற்கிறோம், இல்லையென்றால் ஹலாலாக்கி விடுங்கள் என்று. ஹலாலாக்குவது என்றால் மனதார விட்டுக்கொடுப்பது. கடன் கழுத்தில் இருக்க ஒருவர் கபுறுக்குள் போகக்கூடாது, அது தீரும்வரை அவர் ரூஹு, அதாவது ஆன்மா, தொங்கிக்கொண்டே இருக்கும் என்பது நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது.

அன்றைக்கு அவருடைய ஒரே மகன் முன்னால் வந்து நின்றார். இன்னும் கல்யாணம் முடிக்காதவர், வேறொருவரின் படகில் பங்குக்குப் போகிறவர். குரல் கட்டியிருந்தது.

"என்ட வாப்பாக்கிட்ட ஆருக்கும் குடுக்கல் வாங்கல் இரிந்தா செல்லுங்க. நான் பொறுப்பு. இல்லாட்டி வாப்பாவ ஹலாலாக்கி விடுங்க."

முன்வரிசையில் நின்ற ஐஸ் வியாபாரி ஒருவர், "என்ட கணக்கு ஹலால்" என்றார். வலை நூல் விற்கிறவரும் அப்படியே சொன்னார். பிறகு யாரும் பேசவில்லை. நான் மூன்றாவது சப்பில் நின்றேன். பக்கத்தில் நின்றவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் பார்த்தார். முன்னால் நின்ற ஒருவர் கழுத்தைத் திருப்பியே பார்த்தார். அந்த இஞ்சின் யார் கொடுத்த காசு என்று ஊருக்குத் தெரியாதா என்ன!

இருக்கிறது என்று சொன்னால், மெனேஜர் மையித்துக்கு முன்னால் நின்று கடன் கேட்டார் என்ற கதை மாலை மஃரிபுத் தொழுகைக்கு முதல் அக்கரைப்பற்றுக்குப் போய்விடும். ஹலால் என்று சொல்லலாம் என்றால், எப்படிச் சொல்வது? ஐஸ் வியாபாரி சொல்லலாம், அது அவர் காசு. என் கையில் இருப்பது அரசாங்கத்தின் காசு. மேடையில் ஏறுகிற மந்திரிக்கு ஊரின் கடனையெல்லாம் ஒரே வாயில் வெட்ட முடிகிறது. எனக்கு, தெரிந்த மனிதர் ஒருவரின் மையித்துக்கு முன்னால், ஒரு சதத்தைக்கூட விட்டுக்கொடுக்க அதிகாரம் இல்லை. ஆகவே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மௌலவி தக்பீர் கட்டினார். தொழுது, மையவாடி வரைக்கும் போய், மூன்று பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்தேன். மரியாதையாக நடந்துகொண்டேன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

தனியார் கம்பனி ஒன்றிலும் அவர் சின்னக் கடன் ஒன்று எடுத்திருந்தாராம். அவர்களுக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது. மையித்து வீட்டில் சனம் கலைவதற்குள்ளேயே ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருக்கிறான். மகன் ஒரு வார்த்தை பேசாமல் வாப்பாவின் வலைகளை விற்று அவர்களுக்குக் கட்டி முடித்துவிட்டார். நாங்கள் அரசாங்கம், பண்புள்ளவர்கள். நாற்பதாம் நாள் கத்தம் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இதுதான் எங்கள் போட்டி நிலவரம், விரிவுரையாளர் எந்த வட்டத்துக்குள் போடுவாரோ தெரியாது.

நாற்பதும் முடிந்தது. நான் பொறுத்தாலும் கணினி பொறுக்காது. தவணை தவறியதென்று தானாகவே கடிதம் அச்சடித்துப் பிணையாளிக்கு அனுப்பிவிட்டது. பிணை வைத்தவர் இறந்தவரின் மச்சான், துறைமுகத்தடியில் தேநீர்க்கடை வைத்திருக்கிறவர். கடிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, அந்த மகனையும் இழுத்துக்கொண்டு அடுத்த நாளே படியேறிவிட்டார். மாமாதான் வெடித்தார்.

"மெனேஜர், இதென்ன புதுக் கதை? ஜனாஸாத் தொழுகையில நீங்களும் சப்புல நிண்டீங்க. மருமகன் ஊருக்கு முன்னால கேட்டான். நீங்க வாய் திறக்கல்ல. அப்ப ஹலால்தானே?"

"நான் ஹலால் எண்டு சென்னனா காக்கா?" அண்ணன் முறை சொல்லித்தான் கேட்டேன்.

"கடன் இரிக்கி எண்டும் செல்லல்லயே!"

"அது என்ட காசில்ல. நான் எப்பிடி ஹலாலாக்குற?"

"ஒங்கட காசில்லாட்டி பொறகு என்னத்துக்கு இப்ப நீங்க கேக்கிற?"

நல்ல கேள்வி. எந்தச் சுற்றுநிருபத்திலும் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் சூடு ஏறிவிட்டது. சப்பில் நிற்கும்போது நான் மெனேஜர் இல்லை, தொழ வந்த ஒரு மனுசன் என்று கத்தினேன். கத்தியதும் கீழே பாமசிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சப்பில் நான் காத்த அந்த மௌனம் ஊரில் என்ன வேலை செய்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் சுற்றிவிட்டு வந்து, "சேர், ஊரெல்லாம் ஒரே கதை. மௌத்தானவங்கட கடன பேங்க்காரங்க ஹலாலாக்கிட்டாங்களாம்" என்றார். தகப்பனின் கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்த இரண்டொரு குடும்பங்களும் நிறுத்திவிட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமனார் பெயரில் கடன் எடுக்க முடியுமா என்று விசாரிக்கவும் ஒருவர் வந்தார். சரிதான் போ! நான் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமலே என் கிளையின் கடன் அறவீடு சரிந்தது. தலைமைக் காரியாலயம் காரணம் கேட்டது. என்னவென்று எழுதுவது? மூன்றாவது சப்பு என்றா?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அறவீடு அல்ல, அந்த மகன்.

இரண்டு நாள் கழித்து அவரைத் தனியாக வரச் சொல்லி இருத்தி விளக்கினேன். கடன் எடுக்கும்போதே இறப்புப் பாதுகாப்பு என்று ஒரு சின்னத் தொகையைக் கழித்திருக்கிறோம். வாப்பா எங்களிடம் கடனோடு இறந்தார் என்று பிள்ளை ஒரு கையெழுத்து வைத்தால் அந்த நிதியிலிருந்தே மிச்சக் கடனெல்லாம் தீர்ந்துவிடும். கையிலிருந்து ஒரு சதம் போகாது. மாமாவும் தப்பிவிடுவார். இதைவிட நல்ல செய்தியை ஒரு மெனேஜர் சொல்ல முடியாது என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வாப்பா கடனோட மௌத்தான எண்டு நானே கையெழுத்து வெக்கிறதா சேர்?"

"அது சும்மா கந்தோர் வேலைக்கு மனே."

"இன்சூரன்ஸ் காசுதானே அது? அதக் கொண்டு வாப்பாட கழுத்துல உள்ளதக் கழட்ட எனக்கு மனசு வருதில்ல."

மார்க்கத்தில் அது கூடும் என்று சொல்கிற உலமாக்களும் இருக்கிறார்கள் என்றேன். கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள்தானே என்றார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அதட்டலோ கோபமோ இல்லை.

"நீங்க அண்டைக்கே செல்லியிரிக்கணும் சேர்."

"மையித்துக்கு முன்னால நிண்டு கடன் கேக்கச் செல்றியா? உன்ட வாப்பாட முகத்தப் பாத்திட்டு எப்பிடி மனே கேக்கிற?"

"நான் கேட்டதே அதுக்குத்தானே. நீங்க இரிக்கி எண்டு செல்லியிரிந்தா அந்த இடத்துலயே நான் ஏத்திருப்பன். வாப்பா முன்னால கிடந்தாரு. ஊரு நிண்டிச்சி. அந்தக் கடன் என்ட எண்டு செல்லிட்டு, ஒரு கடனும் இல்லாத மனுசனா வாப்பாவ மண்ணுக்குள்ள வெச்சிருப்பன். நீங்க மரியாத பாத்தீங்க. வாப்பா கடனோட போய்ட்டாரு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை காலமும் கடன் கேட்பதுதான் கடுமை, கேட்காமல் விடுவது இரக்கம் என்று நினைத்திருந்தவன் நான். அவர் எழும்பி ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைமைக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கடன் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார், நல்ல மனுசி, எனக்குப் பழக்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பிள்ளை" என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார். ஒன்று நிதி, இல்லையென்றால் பிணையாளி. மகன் பெயருக்குக் கடனை மாற்ற இடம் இல்லை. புதுக் கடனாகக் கொடுக்கலாம் என்றால் வாப்பாவின் படகு இன்னும் அவர் பெயருக்கு மாறவில்லை, நிரந்தர வருமானமும் இல்லை, விண்ணப்பமே செல்லாது. "உங்கள் பொறுப்பில் எதையும் செய்துவிடாதீர்கள் மாத்தயா, பிறகு உங்கள் சம்பளத்தில்தான் வெட்டுவார்கள்" என்று எச்சரிக்கையும் சொல்லித்தான் வைத்தார்.

அந்த வியாழக்கிழமை மகன் திரும்பவும் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நாளைக்கு ஜும்ஆ முடிய எங்கட பள்ளிக்கு வாங்க சேர். அண்டைக்குக் கேக்காததை நாளைக்கு எழும்பிக் கேளுங்க. நான் ஏக்கிறன். ஊர் சாட்சியா இரிக்கட்டும்."

"பள்ளிக்குள்ள எழும்பிக் கடன் கேக்கச் செல்றியா என்னை?"

"ஓம் சேர். மௌலவிக்கிட்டயும் பள்ளி நடத்துற மரைக்கார்மார்க்கிட்டயும் கதைச்சிட்டன். கேக்கிறது மெனேஜர்ட விருப்பம் எண்டாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "ஒங்களுக்கு என்ன பிடிச்சிரிக்கி? பள்ளிக்குள்ள நிண்டு மௌத்தான மனுசன்ட கடனக் கேட்டா, நாளைக்கு நம்மட மகளுக்கு ஆரு மாப்பிள பேசி வருவாங்க?" என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை. ஏற்கனவே என் சம்பளம் கக்கூசுக்குத்தான் ஆகும் என்று இருக்கிற ஊர் இது. விவரம் தெரிந்த பத்துப் பேர் புரிந்துகொள்வார்கள், மிச்சப் பேர் மெனேஜர் பள்ளிக்குள்ளும் விடமாட்டார் என்றுதான் சொல்வார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவளே, "அந்தப் புள்ள தாய்க்கு என்ன செல்லி ஆறுதல் படுத்திறானோ" என்று சொல்லிக் கறியை என் பக்கம் தள்ளினாள்.

போனேன். ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்ததும் சனம் எழும்பத் தொடங்கியது. மௌலவி ஒலிவாங்கியில், ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, இருக்கக்கூடியவர்கள் இருங்கள் என்றார். என்ன விஷயம் என்று அறிகிற ஆசையில் யாருமே போகவில்லை. எழும்பி நின்றேன். வெள்ளைத் தொப்பிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. மௌத்தான அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, "அவர்ட கடன் எங்கட பேங்க்குல இரிக்கி. அண்டைக்கு ஜனாஸாவுல நான் செல்லல்ல. செல்லியிரிக்கணும்" என்றேன்.

ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. "அல்லாஹ்வே, பள்ளிக்குள்ளயும் வந்திட்டானா" என்று பின்னால் யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மகன் எழும்பினார். அன்றைக்குக் கட்டியிருந்த குரல் இன்றைக்குக் கணீரென்று இருந்தது.

"அது என்ட கடன். இண்டையிலிரிந்து வாப்பாட இல்ல. நான் கட்டுவன். நீங்க எல்லாரும் சாட்சி."

முடிந்தது என்று நினைத்து நான் உட்காரப் போனேன். மௌலவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவர் ஏத்தது மட்டும் காணாது மெனேஜர். கடன் குடுத்தவங்களும் சம்மதிச்சாத்தான் அது மௌத்தானவர்ட கழுத்துல இரிந்து எறங்கும். ஒங்கட பேங்க் இவர ஏத்துக்கிட்டா? நீங்கதான் செல்லணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழும்பிக் கேட்பதற்கு மட்டும்தான் மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஏற்றுக்கொள்ள நான் யார்? கொழும்பில் கேட்டு இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தவன். அந்த அம்மா சொன்ன சம்பளக் கதை ஞாபகம் வந்தது, மகளின் கல்யாணம் ஞாபகம் வந்தது. பள்ளி முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் என்னைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏத்துக்கிட்டன்" என்றேன். பேங்க் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஏற்றுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன்.

அவர் அப்படியே பாயில் இருந்துவிட்டார். வாப்பாவை அடக்கிய நாளில்கூட அழாத பிள்ளை, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் வாய்விட்டு அழுதார்.